ஆல்டோவுக்குத் தனியாக வேலை இல்லை

2020 கிறிஸ்துமஸ் என்றால் வீட்டுக்குள் அடைந்து கிடந்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது பாடக் கூடாத கிறிஸ்துமஸ். கேக் கிடைத்தது. பால்கனியில் ஸ்டார் தொங்கியது. புதுத்துணிகூட ஆன்லைனில் வந்து, அளவு சரியில்லாமல் திரும்பிப் போய், மறுபடி வந்தது. ஆராதனையும் ஏதோ ஒரு மாதிரி நடந்தது. பாட்டுத்தான் இல்லை.

பேச்சுக்குச் சொல்லவில்லை, உத்தரவே அப்படித்தான் இருந்தது. அந்த வருடம் ஜூன் 4ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் வழிபாட்டுத் தலங்களுக்கென்று வழிகாட்டு நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு வாருங்கள், சிலைகளைத் தொடாதீர்கள், தீர்த்தம் தெளிக்காதீர்கள் என்று போகிற பட்டியலில் ஒரு வரி: முடிந்தவரை பதிவுசெய்த பக்திப் பாடல்களைப் போட்டுக்கொள்ளுங்கள், பாடகர் குழுக்களை அனுமதிக்காதீர்கள். தமிழ்நாட்டில் பெரிய கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் செப்டம்பர் 1ஆம் தேதி திறந்தபோது நாங்களும் முகக்கவசம் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தோம். கொயர் பெஞ்சுகளில் நாடா கட்டியிருந்தது.

நான் ஆல்டோ. கொயர் பழக்கம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாலு குரல்: சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பேஸ். சபை முழுக்கப் பாடுகிற மெட்டு சோப்ரானோவுடையது. டெனாருக்கு உச்சத்தில் போய் நின்று காட்ட நாலு இடம் கிடைக்கும். பேஸ் தரையை அதிரவைக்கும். ஆல்டோவுக்கு வாய்த்தது மூன்று நாலு சுரம்தான். மெட்டு எங்கெங்கோ ஏறி இறங்கிக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் ‘மி மி மி ரெ மி’ என்று ஒரே இடத்தில் நிற்போம். தனியாகக் கேட்டால் அது என்ன பாட்டென்று பெற்ற தாய்க்கே தெரியாது. மற்ற மூன்றும் வந்து சேரும்போதுதான், ஓ, நாமும் பாட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தோமா என்று எங்களுக்கே விளங்கும்.

பாளையங்கோட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது பாலபாடம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பிய டானிக் சோல்ஃபா முறையை மிஷனரிகள் கொண்டுவந்து சேர்த்ததில், ஐந்துகோட்டு இசைக்குறியீட்டைக் கண்ணால் கண்டிராதவர்கள்கூட எங்கள் ஊரில் நாலு குரலில் பாடுவார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் ஸ்கேலால் மேசையைத் தட்டியபடி, “சோப்ரானோவ எட்டிப் பாக்காதட்டி, ஒன் வரிய மட்டும் பாரு” என்பார். எட்டிப் பார்க்காமலிருப்பது சுலபமில்லை. இன்றும் அந்தப் பக்கம் காது போகத்தான் செய்கிறது.

டிசம்பர் பிறந்தால் கேரல் ரவுண்ட்ஸ். ராத்திரி எட்டு மணிக்கு ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பினால் வீடு திரும்ப மூன்று ஆகும். மினி லாரியில் டிரம், கீபோர்டு, அதற்கொரு ஜெனரேட்டர். முன்னால் கிறிஸ்துமஸ் தாத்தா, அதாவது முகமூடிக்குள் வியர்த்து வழிய ஆடுகிற யாரோ ஒரு காலேஜ் பையன். தெருவுக்குள் நுழைந்ததும் முதல் வரவேற்பு நாய்களுடையது. அப்புறம் வாசல் லைட் எரியும். நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, தூக்கக் கலக்கத்தோடு ஒரு அக்கா கதவைத் திறப்பாள். இரண்டு பாட்டு, ஒரு வேதவசனம், சின்ன ஜெபம், காணிக்கைக் கவர், கடைசியில் டீ. ராத்திரி ஒன்றரை மணிக்கு நீட்டப்படுகிற எத்தனையாவது டீயாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. “எங்க வீட்டுல மட்டும் குடிக்க மாட்டியளோ?” என்று வரும். ஒரு வீட்டில் முந்திரிக்கொத்து, ஒரு வீட்டில் அச்சுமுறுக்கு, ஒரு ஆச்சி வீட்டில் மிளகு தூக்கலாகப் போட்ட சுக்குக் காபி. எங்கள் சபையே இல்லாத வீட்டுக்காரர்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “எங்க வாசல்லயும் ஒண்ணு பாடிட்டுப் போங்க” என்று கூப்பிடுவதும் உண்டு.

இதையே 2020இன் கண்ணோடு பாருங்கள். முப்பது பேர் ஒரே வண்டியில் நெருக்கியடித்து ஏறி, வீட்டுக்கு வீடு இறங்கி, வயதானவர்கள் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து பாடிவிட்டு, அவர்கள் வீட்டு டம்ளரில் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது. ஒரு கிருமிக்கு இதைவிட வசதியாக யாரும் ஏற்பாடு செய்து தர முடியாது. அதனால் தடைமேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை.

காரணமும் கையில் இருந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கு என்றொரு பகுதி. அங்கே ஒரு பாடகர் குழு 2020 மார்ச் 10ஆம் தேதி வழக்கம்போலப் பயிற்சிக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். ஊரடங்கெல்லாம் அங்கே இன்னும் வரவில்லை. சானிடைசர் வைத்திருந்தார்கள், கட்டிப்பிடிப்பதைத் தவிர்த்தார்கள். இரண்டரை மணி நேரம் பாடிவிட்டுக் கலைந்தார்கள். அவர்களில் 53 பேருக்கு நோய், 33 பேருக்குப் பரிசோதனையில் உறுதியானது, மற்றவர்களுக்கு அறிகுறிகளை வைத்துக் கணித்தது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். அந்த அறிக்கையை நான் ஏப்ரல், மே வாக்கில் படித்தேனா, அதற்கும் பிறகா நினைவில்லை. வரிசையாகப் போட்ட நாற்காலிகள், நடுவில் ஓர் இடைவேளை, கொறிக்க ஏதோ தின்பண்டம் என்று படிக்கப் படிக்க, இது எங்கள் வெள்ளிக்கிழமை ப்ராக்டீஸ் அல்லவா என்று இருந்தது.

அப்புறம் எஸ்.பி.பி. ஆகஸ்ட் 5ஆம் தேதி, லேசான அறிகுறிதான், யாரும் போன் பண்ணி நலம் விசாரிக்க வேண்டாம் என்று வீடியோ போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர். 20ஆம் தேதி மாலை ஆறு மணிக்குத் திரையுலகமே சேர்ந்து பிரார்த்தனை செய்தது. செப்டம்பர் 25 போய்விட்டார். அவர் பாடிய கிறிஸ்தவப் பாடல்கள் எங்கள் வீட்டில் கேசட் காலத்திலிருந்தே உண்டு. அன்றைக்கு அம்மா போனில் வேறு எதுவும் பேசவில்லை. “அவ்வளவு மூச்சு வச்சிருந்த மனுசன்” என்று மட்டும் சொன்னாள்.

இத்தனைக்குப் பிறகும் சபை வாட்ஸாப் குழுவில் ‘விசுவாசிக்கு ஒன்றும் நேரிடாது’ வகை ஃபார்வர்டுகள் குறையவில்லை. அதில் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. 1527இல் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் பரவியபோது மார்ட்டின் லூத்தர் ஊரைவிட்டுப் போகாமல் இருந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். அதே காலத்தில் எழுதிய கடிதத்தில், மருந்து சாப்பிடுவேன், காற்றைச் சுத்தம் செய்வேன், நான் தேவைப்படாத இடத்துக்கும் ஆட்களிடத்துக்கும் போக மாட்டேன், என்னால் யாருக்கும் தொற்றிவிடக் கூடாது என்கிற பொருளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இதைத் தமிழில் தட்டிப் போட்டேன். நாலு பேர் கைகூப்பிய எமோஜி வைத்தார்கள். ஐந்தாவது ஆள் அதற்குக் கீழேயே கபசுரக் குடிநீர் படத்தைப் போட்டார்.

லூத்தர் என்றதும் இன்னொன்று. சபையார் வாய்திறந்து, தங்கள் சொந்த மொழியில் பாட வேண்டுமென்று பாட்டெழுதிக் கொடுத்தவர் அவர். அவருடைய ஜெர்மனியில் 2020 டிசம்பர் 16 முதல் ஒரு விதி: இடைவெளிவிட்டு, முகக்கவசத்தோடு ஆராதனைக்கு வரலாம், ஆனால் சபையாகச் சேர்ந்து பாடக் கூடாது. நினைத்துப் பாருங்கள், 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய நாளிலிருந்து ஜெர்மன் பாட்டுகள்தான் தமிழுக்குள் வந்துகொண்டிருந்தன. பின்னால் ஃபப்ரிசியுஸ் மொழிபெயர்த்துக் குவித்தார். கொடுத்தவர்களும் பாட முடியவில்லை, வாங்கியவர்களும் பாட முடியவில்லை. ரோமில் இரவு பத்து மணி ஊரடங்குக்காக போப் பிரான்சிஸ் நள்ளிரவுத் திருப்பலியை ஏழரை மணிக்கே நடத்தினார். பெத்லகேமிலேயே நள்ளிரவுத் திருப்பலிக்கு ஜனங்களை விடவில்லை. ஊருக்கு ஊர் இதே கதைதான்.

எங்கள் சென்னைச் சபையில் கொயர் மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆளாளுக்கு வீட்டிலிருந்து தங்கள் வரியைப் போனில் பாடி அனுப்ப வேண்டும். டெனாரில் பாடுகிற ஐ.டி. கம்பெனித் தம்பி ஒருவன் எல்லாவற்றையும் ஒட்டி வீடியோ ஆக்கிவிடுவான். இதற்கெல்லாம் முன்னோடி எரிக் விட்டேக்கர் என்கிற அமெரிக்க இசையமைப்பாளர். அந்த 2020 ஜூலையில் அவர் வெளியிட்ட மெய்நிகர்ப் பாட்டில் 129 நாடுகளிலிருந்து 17,572 பேர் பாடியிருந்தார்கள். எங்களுக்கு இருபத்தைந்து பேரைச் சேர்ப்பதற்குள் தாவு தீர்ந்தது.

தம்பியின் கட்டளைகள் குழுவில் வந்து விழுந்தன. இரண்டு போன் வேண்டும், ஒன்றில் ஹெட்செட் போட்டு வழிகாட்டி டிராக்கைக் கேட்க, இன்னொன்றில் பதிவுசெய்ய. போனைப் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும். பின்னால் வெறுஞ்சுவர். ஃபேன் ஓடக் கூடாது. டிராக்கில் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ வந்ததும் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், எல்லோருடைய கைத்தட்டலையும் ஒரே கோட்டில் வைத்துத்தான் பாட்டைப் பொருத்துவானாம்.

ஃபேனை நிறுத்திய அறையில், பட்டுப்புடவையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நின்றுகொண்டு நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. நல்ல மூச்சு எடுத்து ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். அது அடங்கினால் வெங்காய வண்டியின் ஒலிபெருக்கி. அது தெருமுனை திரும்பினால் கூரியர்க்காரர். சரி, ஊர் அடங்கட்டும் என்று ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பாடி முடித்தேன். காலையில் லிஃப்ட் பக்கம் பார்த்த கீழ்வீட்டு மாமி, மாஸ்குக்கு மேலே கண்ணில் கவலையோடு, “ராத்திரி உங்காத்துல யாரோ முனகிண்டே இருந்தாளே, ஜுரம் கிரம் ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார். அந்தக் காலத்தில் அது விளையாட்டான கேள்வி இல்லை. கிறிஸ்துமஸ் பாட்டு மாமி, ஆல்டோ மாமி என்று விளக்கியதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை போட்டுக் கேட்டேன். அன்றுவரை என் குரலை நான் அப்படித் தனியாகக் கேட்டதே கிடையாது. சுதி பரவாயில்லை. மூச்சுதான் இடித்தது. நீளமான சுரம் வரும்போது கொயரில் நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் மூச்செடுப்போம். பக்கத்தில் நிற்கிற அக்காவின் தோள் ஏறுவது ஓரக்கண்ணில் தெரியும், அவள் இழுக்கும்வரை நான் பிடித்துக்கொள்வேன், பிறகு அவள் பிடிப்பாள், நான் இழுப்பேன். வெளியே கேட்கிறவர்களுக்கு ஒரு சுரம் அறுபடாமல் போய்க்கொண்டே இருக்கும். யாரும் சொல்லித்தந்த நினைவில்லை, பக்கத்தில் நின்று நின்று வந்த பழக்கம். போனில் அந்த அக்கா இல்லை. நான் மூச்செடுத்த இடத்திலெல்லாம் பாட்டில் ஓட்டை விழுந்திருந்தது. ஆராதனையை யூடியூபில் பார்க்கலாம், பிரசங்கத்தைச் சமையல் செய்துகொண்டே கேட்கலாம், காணிக்கையை ஜீபேயில் போட்டுவிடலாம். எல்லாவற்றுக்கும் மாற்று கிடைத்தது. இந்த மூச்சு மாற்றுவதற்கு மட்டும் எந்தச் செயலியும் கிடைக்கவில்லை.

வீடியோ நன்றாகத்தான் வந்தது. சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள், சிலருக்குப் பின்னால் துணி காயும் கொடி. பேஸ் வரிசையில் ஒரு கட்டம் குறைந்தது. எங்கள் பேஸ் அண்ணன் அக்டோபரில் இறந்திருந்தார். பழைய ப்ராக்டீஸ் ரெக்கார்டிங் ஒன்றில் அவர் குரல் நன்றாகவே இருக்கிறது, எடுத்துச் சேர்க்க முடியுமா என்று தம்பியிடம் கேட்டோம். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “அதுல நாம எல்லாருமே இருக்கோம்க்கா, அவர மட்டும் தனியா உருவ முடியல” என்றான். விட்டுவிட்டோம்.

வீட்டுக் கதை வேறு. என் தம்பி லண்டனில் இருக்கிறான். டிசம்பர் 23ஆம் தேதி விமானத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தான். கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் மட்டும் மூன்று குடும்பங்கள் வரை சேர்ந்துகொள்ளலாம் என்று அங்கே ஒரு சலுகை அறிவித்திருந்தார்கள். 19ஆம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் அந்த ஊர்ப் பிரதமர் டி.வி.யில் வந்து, புதுவகைக் கிருமி வேகமாகப் பரவுகிறது, லண்டனுக்கும் தென்கிழக்குப் பகுதிகளுக்கும் நள்ளிரவு முதல் நான்காம் கட்டக் கட்டுப்பாடு, அங்கெல்லாம் சலுகை ரத்து என்றார். இரண்டு நாள் கழித்து இந்தியாவும் அறிவித்தது: 22ஆம் தேதி நள்ளிரவு முதல் பிரிட்டன் விமானங்கள் கிடையாது. தம்பி இரண்டு பக்கமும் பூட்டிய கதவுக்கு நடுவே மாட்டிக்கொண்டான். அவன் வராத ஊருக்கு நான் மட்டும் போய், எழுபதைத் தாண்டிய அம்மாவுக்குச் சென்னையிலிருந்து எதையாவது கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாதே என்று நானும் போகவில்லை.

அம்மா அழவெல்லாம் இல்லை. “சீமையில அவன் என்னமோ சொன்னாம்னு பாளையங்கோட்டையில நான் முந்திரிக்கொத்து சுடாம இருக்கணுமாக்கும்?” என்று சுட்டு, முக்கால்வாசியைத் தெருவுக்கே கொடுத்துவிட்டாள்.

கிறிஸ்துமஸ் ஈவ் அன்று மூன்று பேரும் ஜூமில் உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் பாடாமல் ஜெபம் ஆரம்பிக்காது. அம்மா எடுத்தாள். நான் சேர்ந்தேன். தம்பி அரை வரி தள்ளி வந்தான். அம்மா அவனுக்காக நிறுத்தினாள், அவள் நிறுத்தியது அவனுக்கு அரை வரி கழித்துத்தான் தெரிந்தது, அதற்குள் நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். “ஏல, எங்கூட பாடு!” என்று அம்மா அதட்ட, “உங்கூடத்தாம்மா பாடிக்கிட்டிருக்கேன்” என்று அவன் சத்தியம் பண்ண, உண்மையில் மூன்று பேருமே சரியாகத்தான் பாடிக்கொண்டிருந்தோம். இணையத்தில் குரல் போய்ச் சேர ஆகிற நொடியின் சிறு பகுதி, பேச்சில் தெரியாது, தாளத்தில் காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் தம்பி கம்ப்யூட்டர்க்காரன் மூளையைக் காட்டினான்: அம்மா மட்டும் மைக்கைத் திறந்து வைத்திருக்கட்டும், நாங்கள் இரண்டு பேரும் மியூட்டில் பாடுவோம். அப்படியே செய்தோம். அம்மாவுக்கு எங்கள் இரண்டு வாய்களும் அசைவது மட்டும் தெரிந்தது. முடித்துவிட்டு, “நல்லாத்தான் பாடுனிய” என்றாள், எந்த ஆதாரமும் இல்லாமல்.

மறுநாள் விடிகாலை ஆராதனைக்கு கூகுள் படிவத்தில் பெயர் கொடுத்து, டோக்கன் வாங்கிப் போனேன். வாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கிபோல வெப்பமானி. பெஞ்சுக்கு இரண்டு பேர். திருவிருந்தில் அப்பம் மட்டும்தான், எல்லோரும் ஒரே கிண்ணத்தில் அருந்துகிற திராட்சரசம் கிடையாது. கீபோர்டில் மெட்டு மட்டும் வாசித்தார்கள். சட்டப்படி யாரும் பாடவில்லை. ஆனால் இரண்டாவது பாட்டில் முகக்கவசங்களுக்குள்ளிருந்து ஒரு முனகல் கிளம்பியதை என்னவென்று சொல்ல? ஐயர் (எங்கள் ஊர்ப் பழக்கத்தில் போதகரை இப்படித்தான் கூப்பிடுவோம்) கண்டுகொள்ளாததுபோல வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நானும் முனகினேன், என் ஆல்டோ வரியை. இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, பாடுவதற்கும் பேசுவதற்கும் உள்ள வித்தியாசத்தைவிடச் சத்தத்தின் அளவுதான் நீர்த்துளிகளை அதிகம் கிளப்புகிறது என்று காட்டியது. அதாவது எங்கள் முனகலைவிட, மைக் இருந்தும் தொண்டை கிழியப் பிரசங்கம் பண்ணுகிறவர்கள்தான் ஆபத்து. இதை எங்களுக்கு வந்த நெறிமுறையில் எழுதக் காணோம்.

நல்லதே நடக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். இடுப்பு ஒடிந்து வருடக்கணக்கில் படுக்கையில் இருந்த பெரியம்மா, நேரலை வந்த பிறகுதான் சொந்தச் சபையின் கிறிஸ்துமஸ் ஆராதனையை மறுபடி பார்த்தாள். அதிலும் அவளுக்குக் குறை உண்டு. கேமரா ஐயரையே காட்டிக்கொண்டிருக்கிறதாம், யார் யார் வந்திருக்கிறார்கள், யார் என்ன புடவை என்று திருப்பிக் காட்ட ஆளில்லையாம். நியாயமான புகார். அவளுக்காகவாவது நேரலையை நிறுத்தக் கூடாது என்பது என் கட்சி.

இப்போது எல்லாம் திரும்பிவிட்டது, கொயரும்தான். ஆனால் கேரல் ரவுண்ட்ஸ் அப்படியே திரும்பவில்லை. கட்டுப்பாட்டுக் காலத்தில் சுருக்கியதையே கமிட்டி கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும், வீட்டுக்குள் போகக் கூடாது, வாசலில் நின்று ஒரே பாட்டு, டீக்குப் பதில் கையில் கொடுத்தனுப்ப ஒரு ஜூஸ் டப்பாவும் பிளாஸ்டிக் உறையில் கேக்கும். சுகாதாரம் என்கிறார்கள், அக்கம்பக்கத்தார் தூக்கம் என்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்கிறார்கள். ஒவ்வொன்றும் மறுக்க முடியாத காரணம். ஆனால் ஜூஸ் டப்பாவை வாங்கிக்கொண்டு அடுத்த வாசலுக்கு ஓடுகிறவர்களுக்கும் ஆன்லைன் ஆர்டர் கொடுக்க வருகிறவர்களுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. போன நவம்பர் கூட்டத்தில் எழுந்து நின்று, ஒரு ராத்திரியாவது பழையபடி போவோம், வருகிறவர்கள் உள்ளே வரட்டும், டம்ளரில் டீ கொடுக்கட்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். ஆதரித்துக் கை தூக்கியவர்கள் நானும் மினி லாரி ஓட்டுகிற அண்ணனும்தான். அவர் கமிட்டியிலேயே இல்லை, சாவி வாங்க வந்தவர் என்று செயலாளர் குறிப்பில் எழுதிக்கொண்டார்.